அம்மாவின் ஆப்பரேஷனுக்கு எந்த ராகம் என்று கேட்ட தம்பிக்கு

துபாயில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கத்தில் வீடு. மார்பில் கட்டி, பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது. இன்னும் 12 நாளில் நாகர்கோவிலில் ஆப்பரேஷன். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தங்கை போனில் அழுகிறாள். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் ‘ராக சிகிச்சை’ என்று ஒன்றைச் சொல்லி, 10 அமர்வு கேட்டால் பயம் போய்விடும், கட்டியும் சுருங்கும், முன்பணம் கட்டுங்கள் என்கிறார். இது உண்மையா, எந்த ராகம் நல்லது, வெளிச்சத்தம் புகாத ஹெட்போன் ஒன்று வாங்கி அனுப்பினால் ஆப்பரேஷன் தியேட்டருக்குள் விடுவார்களா என்பது கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: அம்மாவுக்கு இடது காது கேட்காது.

தம்பி, இதை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். இசை கேட்டால் கேன்சர் கட்டி சுருங்குமா என்பது ஒன்று. ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆளைப் பிடித்து ஆட்டுகிற பயம் இசையால் குறையுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரே சொல்லில் பதில்: சுருங்காது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்கிறவரிடம் பேச்சே வேண்டாம். ‘10 அமர்வும் முடியட்டும், அதற்குப் பிறகு ஆப்பரேஷன் வைத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் ஒரு நாள்கூடத் தேதியைத் தள்ளாதீர்கள். இரண்டாவதற்குப் பதில் ‘குறையும்’ என்பதுதான். ஆனால் எவ்வளவு குறையும் என்று சொல்லாமல் விட்டால் நானும் அந்த முன்பணக்காரர் மாதிரி ஆகிவிடுவேன். அதனால்தான் இவ்வளவு நீளம்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். இந்த மாவட்டத்தில் சர்ஜிக்கல் வார்டிலும் தியேட்டரிலுமாக 19 வருடம். இப்போது நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் தியேட்டர் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்துக்கிடக்கிற அந்த முக்கால் மணி நேரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் இசை அங்கே என்ன செய்கிறது என்பது புரியும். முந்தின கேஸ் இன்னும் முடியவில்லை என்பார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் பட்டிருக்காது. கம்மல், வளையல், மெட்டி எல்லாம் கழற்றியாயிற்று. கழற்ற வராத மூக்குத்தியின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கண்ணாடியையும் வாங்கி வைத்துவிடுவதால் எதிரே வருகிற முகம் யாருடையது என்று தெரியாது. எல்லாரும் ஒரே பச்சை உடுப்பு, எல்லாருக்கும் முகமூடி. கண் உதவாமல் போனபிறகு மிச்சம் இருப்பது காது. அந்தக் காதில் என்ன விழுகிறது? எஃகுத் தட்டில் கத்தரிக்கோல் விழுகிற சத்தம், மானிட்டரின் பீப், எண்ணெய் காணாத டிராலிச் சக்கரம், யாரோ ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன மீன் என்று கேட்பது, உள்ளேயிருந்து ‘அடுத்த கேஸ எடுங்க’ என்கிற குரல். அந்தக் ‘கேஸ்’ தான்தான் என்று படுத்திருக்கிற அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

பயம் ஏறினால் அட்ரினலின் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, பிரஷர் கூடுகிறது, கை சில்லிட்டு நரம்பு உள்வாங்கி, ஊசி குத்த நரம்பே கிடைக்காமல் போகிறது. இரண்டு தடவை தப்பாகக் குத்திவிட்டால் பயம் இன்னும் ஏறும். பிரஷர் 180/110-ஐத் தாண்டிவிட்டால் அன்றைய ஆப்பரேஷனையே பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். அந்த இடத்தில் தெரிந்த பாட்டு ஒன்று காதில் விழுந்தால், மனது போய்ப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. டிராலிச் சத்தத்தின் இடத்தைப் பாட்டு எடுத்துக்கொள்கிறது. மூச்சு அதன் போக்கில் கொஞ்சம் இழுபட்டு நிதானமாகிறது. எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறவருக்கு, இது நானாகக் கேட்டு வாங்கியது என்று சொல்ல ஒன்றாவது இருக்கிறது. இதற்குமேல் இதில் மர்மம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி ஆய்வுகள். காக்ரேன் என்று ஒரு அமைப்பு உண்டு. ஒரே விஷயத்தைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்து, சலித்து, எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஆப்பரேஷனுக்கு முன் இசை கேட்பதைப் பற்றி 2013-ல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 26 ஆய்வுகள், 2051 பேர். பதற்றத்தை அளக்க 20 கேள்விகள் உள்ள படிவம் ஒன்று இருக்கிறது. மதிப்பெண் 20-லிருந்து 80 வரை போகும், கூடக்கூடப் பயம் கூடுதல் என்று பொருள். இசை கேட்டவர்களுக்கு அதில் சராசரியாக 5.72 புள்ளி குறைந்திருந்தது. கேன்சர் நோயாளிகளை மட்டும் எடுத்து 2021-ல் வந்த தொகுப்பில் 81 ஆய்வுகள், 5576 பேர். அங்கே பெரியவர்களுக்கு 7.73 புள்ளி குறைந்திருந்தது. இந்த ஆதாரத்தின் உறுதி குறைவு என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் செய்கிறவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இதை நம் கணக்கில் சொன்னால், 50-ல் இருக்கிற ஒருவர் 42-க்கோ 44-க்கோ வருகிறார். பயம் போய்விடவில்லை. ஆனால் பேசினால் காதில் ஏறுகிற நிலைக்கு வருகிறார், கையை நீட்டச் சொன்னால் நீட்டுகிறார். வார்டில் நிற்கிற எங்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு 2015-ல் அமெரிக்காவில் வந்தது. மார்பக ஆப்பரேஷனுக்கு வந்த 207 பெண்கள். ஒரு குழுவுக்கு இசை சிகிச்சையாளர் நேரில் வந்து அவர்கள் கேட்ட பாட்டைப் பாடினார். இன்னொரு குழுவுக்கு அவர்கள் தேர்ந்த பாட்டைப் பதிவாகப் போட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பாட்டுக் கேட்ட இரண்டு குழுக்களுக்கும் பதற்றம் நன்றாகக் குறைந்தது, நேரடிப் பாட்டுக்கும் பதிவுக்கும் அதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மயக்க மருந்தின் அளவு குறையும் என்று எதிர்பார்த்தார்களே, அது நடக்கவில்லை. உங்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு: காசு கொடுத்து ஆளைக் கூட்டிவர வழியில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

மாத்திரைக்குப் பதில் பாட்டா என்றும் கேட்பார்கள். ஸ்வீடனில் 372 பேரை வைத்து 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. பாதிப்பேருக்கு மிடசோலம் என்கிற பதற்றம் தணிக்கும் மருந்து, பாதிப்பேருக்கு இசை. பதற்றம் குறைந்ததில் இசைதான் கொஞ்சம் முந்தியது. 2019-ல் அமெரிக்காவில் 157 பேருக்கு, உணர்வு நரம்பைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுமுன், ஒரு பகுதியினருக்கு மிடசோலம் ஊசியும் மற்றவர்களுக்கு வெளிச்சத்தம் புகாத ஹெட்போனில் இசையும் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்தது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் திருப்தி மிடசோலம்காரர்களுக்கே அதிகம். ஹெட்போன் போட்டவர்களோடு பேசுவது சிரமமாக இருந்தது என்று நோயாளிகளும் சொன்னார்கள், டாக்டர்களும் சொன்னார்கள். நீங்கள் வாங்கி அனுப்ப நினைக்கிறீர்களே, அதே ரக ஹெட்போன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆய்வுகளை ஏன் முழுசாக நம்பிவிடக்கூடாது என்பதை என் தொழிலுக்குள்ளிருந்தே சொல்லலாம். நம் ஊர் எம்.எஸ்.ஸி. நர்சிங் மாணவிகளுக்கு இந்தத் தலைப்பு ஒரு செல்லப்பிள்ளை. பாட்டுப் போட்ட 30 பேர், போடாத 30 பேர், முன்னால் ஒரு படிவம், பின்னால் ஒரு படிவம், முடிந்தது ஆய்வு. மருந்து ஆய்வில் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றலாம். காதில் பாட்டு விழுகிறதா இல்லையா என்பதை யாரிடம் மறைக்க முடியும்? ஹெட்போனை மாட்டிவிட்ட அதே பிள்ளைதான் அரைமணி நேரம் கழித்துப் படிவத்தோடு வந்து, ‘இப்ப எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்கும். ஒருநாள் நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்ன பதில்: ‘இப்ப கொள்ளாம் மக்கா. மணி ரெண்டாச்சு, நீ போயி சோறு தின்னு.’ (கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று பொருள்.) மாணவி படிவத்தில் பதற்றம் குறைந்தது என்று குறித்துக்கொண்டாள். குறைந்தது பாட்டாலா, ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அக்கறையாக விசாரித்ததாலா, இல்லை அந்தப் பிள்ளைக்குப் பசிக்குமே என்ற நினைப்பாலா? படிவத்துக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பெரிய ஆய்வுகளிலும் இந்தக் குறை முழுதாகத் தீர்ந்ததில்லை.

ஆப்பரேஷனுக்குப் பிறகு என்ன? 70-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இசை கேட்டவர்களுக்கு வலி, பதற்றம், வலிமருந்தின் தேவை மூன்றும் குறைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் தங்குகிற நாள் மட்டும் குறையவில்லை. மயக்கத்தில் இருக்கும்போதே போட்டாலும் ஓரளவு பலன் என்று அதில் இருக்கிறது. 2020-ல் ஜெர்மனியில் 385 பேருக்கு, மயக்கத்தில் இருக்கையிலேயே இயர்போன் வழியாகப் பின்னணி இசையோடு ‘நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்’ என்கிற தோரணையில் ஆறுதல் பேச்சைப் போட்டார்கள். பிறகு வலிமருந்து குறைவாகத் தேவைப்பட்டது. அங்கே வேலை செய்தது பேச்சா இசையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி, பயம் எதனால் ஆனது என்பது. எந்த ஆய்வைவிடவும் எனக்கு இதில்தான் அனுபவம் அதிகம். நம் ஊரில் இந்த நோயின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ‘அந்த சூக்கேடு’ என்பார்கள். இல்லையென்றால் ஊர்ப்பெயரைச் சொல்வார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் ஒருவரை ‘நெய்யூருக்குக் கொண்டு போயிட்டாவ’ என்றாலோ, ‘திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போறாவ’ என்றாலோ கேட்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். இரண்டு இடத்திலும் இருப்பது கேன்சருக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரி. இத்தனை வருடம் அங்கிருந்து குணமாகித் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேச்சில் தங்கினது திரும்பாதவர்கள்தான். (நெய்யூரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே இருபது வருடத்துக்கு மேல் சர்ஜனாக இருந்த ஆங்கிலேய மிஷனரி சாமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர். வழியில் கேட்ட திபெத்தியப் பாட்டுகளைக் காதால் வாங்கி எழுதிவைத்து, அந்தப் பயணத்தைப் பற்றிய படத்துக்கு இசையாக்கிக் கொடுத்தவரும் அவரே. கத்தியும் ஸ்வரமும் ஒரே கையில் இருந்த மனிதர் இந்த மாவட்டத்தில் நடமாடியிருக்கிறார் என்பதை என் மாணவிகளுக்கு வருடாவருடம் சொல்லிவிடுவேன்.)

அந்தப் பொதுப்பயத்துக்கு அடியில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பயம் இருக்கும். பாட்டு அதைத் தொடாது. சின்னமுட்டம் பக்கத்து அம்மா ஒருவர், உங்கள் அம்மாவுக்குச் செய்யப்போகிற அதே ஆப்பரேஷன். அவரே கேட்டு வாங்கிய மாதா பாட்டுகளைப் போட்டு வைத்திருந்தோம். கால் மணி நேரமாயிற்று. கண் மூடவில்லை, விரல் நிற்காமல் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. குனிந்து என்னம்மா என்று கேட்டேன். ‘பாட்டெல்லாம் கொள்ளாம் மக்கா. எனக்க தாலிய யாருட்ட குடுத்திருக்கிய?’ என்றார். கழற்றி, காகிதத்தில் பொதிந்து, பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி மகளிடம் கொடுத்தாயிற்று; எல்லாம் விதிப்படி நடந்தது; அவரிடம் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மகளைக் கதவுக்குப் பக்கத்தில் வரச்சொல்லி, பொதியைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். அதற்கு அப்புறம்தான் பாட்டு அவர் காதில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் நீங்கள் செய்யக்கூடியதில் முதலாவது பாட்டே இல்லை. தங்கையைவிட்டு அம்மாவின் கேள்விகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முழு மார்பையும் எடுப்பார்களா? நடுவில் முழிப்பு வந்துவிடுமா? ட்யூப் வைத்து விடுவார்களாமே, அது எத்தனை நாள்? கை வீங்குமா? கண் திறக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? சின்னக் கேள்வி, வெட்கப்பட வேண்டிய கேள்வி என்று எதையும் கழிக்க வேண்டாம். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது அந்தத் தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்குங்கள்.

அடுத்தது பாட்டு. ராகம் பற்றிக் கேட்டீர்கள். இந்த ராகம் பிரஷருக்கு, அந்த ராகம் தூக்கத்துக்கு, இன்னொன்று வயிற்றுக்கு என்று அட்டவணை போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் தேவாரப் பண்களைப் பகலுக்கு, இரவுக்கு, எப்போதைக்கும் என்று வகுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது பாடுகிற முறைக்கான ஒழுங்கு, மருந்துச் சீட்டு ஆகாது. இன்ன ராகம்தான் இன்ன நோயாளியின் பயத்தைக் குறைக்கும் என்று நிலைநாட்டிய ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. ஆய்வாளர்கள் பொதுவாகத் தேர்ந்தெடுப்பது வேகம் குறைந்த, நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளம் வருகிற, திடீரென்று ஓங்காத இசை. ஒன்றும் தெரியாத நோயாளிக்கு அது பாதுகாப்பான தேர்வு. ஆனால் சுசீந்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், குடல் ஆப்பரேஷனுக்கு வந்தவர், வீணை இசையை இரண்டு நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வில்லுப்பாட்டு கேட்டார். கோயில் கொடையில் படிக்கிற வில்லுப்பாட்டு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உடுக்கும் குடமும் வில்மணியும் ஏறி அடிக்கும், கதையில் வெட்டும் குத்தும். புத்தகப்படி அதைப் போடவே கூடாது. அவர் பேரன் போனிலிருந்து போட்டான். கிழவர் கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டே படுத்திருந்தார், நாடித்துடிப்பு இறங்கியது. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனாலும் அன்றிலிருந்து ‘எது நல்ல இசை’ என்று நான் முடிவு செய்வதை விட்டுவிட்டேன்.

விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு ஆஸ்பத்திரியில், தியேட்டர் வாசலில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் வைத்திருந்தோம். மேற்கே ஒரு ஊரிலிருந்து வந்த கிறிஸ்தவ அம்மா, கழுத்தில் கட்டி. பெயரைப் பார்த்தேன், கீர்த்தனை கேசட்டைத் தட்டிவிட்டேன், நல்லது செய்துவிட்ட நிறைவோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் நடுங்கிக்கொண்டிருக்கிறார். ‘சிஸ்டர், இத நிறுத்துங்க. இது எங்க சபையில அடக்க ஆராதனைக்குப் படிக்கிற பாட்டு. எனக்க வீட்டுக்காரர எடுக்கும்போ இதத்தான் படிச்சாவ.’ ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். இந்த மாவட்டத்தில் ஒரே வார்டில் செபமாலை கேட்கிறவர் இருப்பார், தக்கலை பீர்முகமது அப்பாவின் சூஃபிப் பாட்டான ஞானப்புகழ்ச்சி கேட்கிறவர் இருப்பார், அய்யாவழிக்காரர்கள் படிக்கிற சாமித்தோப்பு உகப்படிப்பு கேட்கிறவர், யேசுதாஸின் மலையாளப் பாட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறவர், எல்லாரும் இருப்பார்கள். பெயரையும் நெற்றியையும் கழுத்தையும் பார்த்து இன்ன பாட்டு என்று தீர்மானிப்பது பெரிய தப்பு.

அதனால் அம்மாவிடமே கேளுங்கள். ‘எந்தப் பாட்டு வேணும்’ என்று நேராகக் கேட்டால் ‘எனக்கென்ன பாட்டு’ என்று சொல்லிவிடுவார். அடுப்படியில் நிற்கும்போது வாய் எதை முணுமுணுக்கும் என்று தங்கைக்குத் தெரியும், அதிலிருந்து தொடங்கட்டும். பெரும்பாலான ஆய்வுகளில் 15 முதல் 30 நிமிடம்தான் போட்டிருக்கிறார்கள், அரைமணி நேரத்துக்கான பாட்டு போதும். இப்போதிருந்தே ராத்திரி படுக்கும்போது அதே வரிசையில் போட்டுப் பழக்கினால் நல்லது. ஆப்பரேஷன் நாளில் முதல்முறையாகக் கேட்பதைவிட, தன் கட்டிலோடும் தூக்கத்தோடும் சேர்ந்துபோன பாட்டு மேல் என்பது என் அனுபவம். அதற்குமேல் அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் போனில் இறக்கி வையுங்கள். யூடியூபில் நேராகப் போட்டால் அம்மா கண் செருகுகிற நேரம் பார்த்து நகைக்கடை விளம்பரம் அலறும். போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெரியம்மா கூப்பிடுவார், சித்தி கூப்பிடுவார், துபாயிலிருந்து நீங்களே கூப்பிட்டுவிடுவீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பாட்டு வரிசையின் முதலில் உங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து வையுங்கள். தைரியம் சொல்ல வேண்டாம். ‘தைரியமா இருங்க’ என்று சொன்னதும் பயப்படத் தொடங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எப்போது ஊருக்கு வரப்போகிறீர்கள், வந்தால் என்ன சமைத்துத் தர வேண்டும் என்று சாதாரணமாகப் பேசுங்கள். இதுவும் அனுபவம்தான், ஆய்வு இல்லை.

திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பாட்டோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு அடைத்து மூச்சு முட்டுகிறது, ஆப்பரேஷனே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முந்தின ராத்திரி அல்பிரசோலம் என்கிற பதற்றம் தணிக்கும் மாத்திரை 0.25 அல்லது 0.5 மில்லிகிராம் கொடுப்பது நம் வார்டுகளில் நீண்ட பழக்கம். வயதானவர்களுக்கு அது மறுநாள் குழப்பத்தை உண்டாக்கலாம் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ‘பாட்டு இருக்கே, மாத்திரை எதுக்கு’ என்று தடுக்கவும் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

ஹெட்போன் விஷயம். தியேட்டருக்கு வெளியே காத்திருக்கிற அறை வரைக்கும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். முந்தின நாளே வார்டு சிஸ்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். உள்ளே சொந்தக் கருவிகளை அநேகமாக விடமாட்டார்கள், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. மயக்க ஊசி போட்டபின் அங்கே நடக்கிறது வேறு வேலை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அந்த ரக ஹெட்போனை நான் வேண்டாம் என்றே சொல்வேன், காரணம் நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒற்றை வரி. கேட்கிறது வலது காது ஒன்றுதான். அதையும் வெளிச்சத்தம் புகாமல் மூடிவிட்டால், கண்ணாடியும் இல்லாமல், முகமூடிக்குப் பின்னால் அசைகிற வாயும் தெரியாமல், யார் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் அவரை முழுதாக அடைத்துவைத்த மாதிரி ஆகும். அந்தக் காசுக்குக் கையகலத்தில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி அனுப்புங்கள். தலையணைக்குப் பக்கத்தில், வலப்புறம், அடுத்த கட்டிலுக்குக் கேட்காத சத்தத்தில் வைத்தால் போதும். பதிவுகளில் சில வாத்தியங்கள் இடது பக்கத்தில் மட்டும், சில வலது பக்கத்தில் மட்டும் வரும். ஒற்றை இயர்போன்தான் போடமுடியும் என்ற நிலை வந்தால், போன் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் மோனோ ஆடியோ என்று இருப்பதைப் போட்டுவிடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே காதில் சேர்ந்து வந்துவிடும்.

எந்தப் பக்க மார்பு என்று நீங்கள் எழுதவில்லை. இடது என்றால், ஆப்பரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாமல் அம்மா வலப்புறமே திரும்பிப் படுப்பார். கேட்கிற காது தலையணைக்குள் புதைந்துவிடும். கண் திறக்கச் சொல்லி சிஸ்டர் கூப்பிடுவது கேட்காது. முழிக்கவில்லையோ என்று அவர்களும் பதறுவார்கள், எதுவும் கேட்கவில்லையே என்று அம்மாவும் பதறுவார். அட்மிஷன் போடும்போதே கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதச் சொல்லித் தங்கையிடம் சொல்லுங்கள்: இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும்.